கல்லும் நீர் வர்ணமும்

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையில் உட்கார்ந்து மாணவர்கள் தீட்டிய நீர் வர்ணச் சித்திரங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். கோடு பிசகுவதில்லை. தேவியின் 8 கைகளும் இருக்கின்றன. கல்தான் இல்லை.

கோளாறு பயிற்சியில் இருக்கிறது. உருவத்தை முதலில் பென்சில் கோட்டில் அடைத்து, பிறகு அதற்குள் வர்ணம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலம் மழுக்கிய முகத்தைக் கூர்மையாக்கிவிடுவது பக்தி என்றும் நினைப்பு. இப்படி வருவது 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் அல்ல, காலண்டர் படம்.

நீர் வர்ணத்தில் வெளிச்சத்தைப் பூசுவது என்பது கிடையாது. காகிதத்தின் வெள்ளையைத் தொடாமல் விட்டுவைக்கிறோமே, அதுதான் வெளிச்சம். பல்லவச் சிற்பிக்கும் இதே நிர்ப்பந்தம். செதுக்கி எறிந்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. எதை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இந்தச் சிற்பத்தைப் பயில இந்த வர்ணம் பொருத்தமானது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

குகைக்குள் வெளிச்சம் முகப்பு வழியாகத்தான் வருகிறது. தேவியும், எதிரே பள்ளிகொண்ட பெருமாளும் பக்கச் சுவர்களில் இருப்பதால், அது அவர்கள்மேல் சாய்வாக விழுகிறது. சிங்கத்தின் பாய்ச்சலையும் அசுரன் பின்சாய்வதையும் அந்த நிழல்தான் காட்டுகிறது. ஆகவே ஆசிரியர் முதலில் பென்சிலை வாங்கி வைத்துவிட வேண்டும். ஒரே வர்ணத்தை நீர்க்கக் கரைத்து, நிழலை மட்டும் போடச் சொல்ல வேண்டும். அது காய்ந்த பிறகே அடுத்த பூச்சு.

முதல் வாரம் எல்லாம் சகதியாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்தச் சகதியில் பையன் தன் கண்ணால் பார்த்தது கொஞ்சமாவது இருக்கும். சுத்தமான காலண்டர் படத்தில் அதுகூட இல்லை.