செம்பருத்தி காணாமல் போன படம்

மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் செம்பருத்தியை ஒருநாள் போனில் படமெடுத்து மோனோ ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். பூவைக் காணோம். அத்தனை சிவப்பாக இருந்தது இலையோடு இலையாக ஒரே சாம்பலில் கரைந்துவிட்டது. நம் கண்ணுக்கு எதிரும் புதிருமாகத் தெரிகிற சிவப்பும் பச்சையும், நிறத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால், பல சமயம் ஒரே படியில்தான் நிற்கின்றன. பூவின் நிறம் அடுத்தவரைக் கூப்பிடுவதற்கானது. பூச்சியை, பறவையை, நம்மை. அந்தக் குரலைப் பிடுங்கிவிட்டால் பூவில் என்னதான் மிச்சம்? இந்தக் கேள்வியோடுதான் கறுப்பு வெள்ளையில் பூக்களை மிக நெருங்கி எடுத்த பழைய ஆட்களிடம் போனேன்.

முதலில் கண்ணில் பட்ட விஷயம்: அவர்களில் பலர் உஷார். புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலும் வெள்ளைப் பூதான். இமோஜென் கன்னிங்ஹாமின் மக்னோலியா (1925), டீனா மொடோட்டியின் ரோஜாக்கள் (1924), ராபர்ட் மேப்பிள்தார்ப் திரும்பத் திரும்ப எடுத்த காலா லில்லி. நிறம் போவதால் குறைவாக இழப்பது வெள்ளைப் பூதானே. அதிலும் காலா லில்லி ஒரு வேடிக்கையான கேஸ். நாம் இதழ் என்று நினைக்கும் அந்த வெள்ளைக் கூம்பு இதழே இல்லை, உருமாறிய இலை. உண்மையான பூக்கள் நடுவில் நிற்கும் மஞ்சள் தண்டின் மேல் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘பூவின் தூய வடிவம்’ என்று கொண்டாடப்பட்ட பல படங்கள் இலையின் படங்கள்.

வடிவம் என்ற சொல்தான் என் பிரச்சினை. இந்தப் படங்களைப் பற்றி எழுதியவர்களைப் படித்தால், பாராட்டு எப்போதும் ஒரே பாதையில் போகிறது: இது பூ மாதிரியே இல்லை, வேறு ஏதோ மாதிரி இருக்கிறது. கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட்டை எடுத்துக்கொள்வோம். இரும்பு வார்ப்புப் பட்டறையில் தொழில் பழகியவர், பிறகு பெர்லினில் கலைக் கல்லூரி ஆசிரியர். மாணவர்களுக்கு அலங்கார வடிவங்களைக் காட்டவே, தானே கட்டிய கேமராவால் செடிகளைப் பல மடங்கு பெரிதாக்கிப் பல்லாண்டுகள் படமெடுத்தார். பின்னால் வெற்று அட்டை, முன்னால் தேவையில்லாததெல்லாம் கத்தரிக்கப்பட்ட ஒரு தண்டு அல்லது மொட்டு. 1928இல் 120 தட்டுகளோடு ‘ஊர்ஃபோர்மன் டேர் குன்ஸ்ட்’ வெளிவந்தபோது அறுபதைத் தாண்டியிருந்த மனிதர் திடீரென்று பிரபலமானார். வால்டர் பெஞ்சமின் அந்தப் படங்களில் பழங்காலத் தூண்களையும் பிஷப்பின் செங்கோலையும் பார்த்தார். தப்பில்லை. எனக்கும் தேர்ந்த கொல்லன் அடித்த இரும்புக் கிராதிதான் தெரிகிறது. ஆனால் பத்துப் பக்கம் புரட்டியதும் ஒரு அலுப்பு வந்துவிடுகிறது. எல்லாச் செடியும் ஒரே உலோகத்தில் செய்தவை மாதிரி. ஈரம் கிடையாது, வாடல் கிடையாது. பாடத்துக்காக எடுத்தவர் பாடத்துக்குத் தேவையானதைத்தானே எடுப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை. அதைப் பூவைப் பார்ப்பதன் உச்சம் என்று தூக்கிப் பிடிப்பவர்களோடுதான் சண்டை.

தமிழில் எழுதுகிற நமக்கு இது இன்னும் உறுத்தவேண்டும். நம் கவிதையில் பூ எப்போதும் உவமானம். முகம் தாமரை, கண் குவளை, விரல் காந்தள். பூவுக்கென்று சொந்த வேலை கொஞ்சம்தான். இந்தப் படங்களில் உறவு தலைகீழாகிறது. பூ உவமேயமாகிவிட, தூணும் இரும்பும் மனித உடம்பும் உவமானமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இரண்டு பக்கமும் பூ வேறு ஒன்றுக்குச் சேவகம் செய்துகொண்டே இருக்கிறது. பூவைப் பூவாகவே நிற்கவிட்ட படம் ஏதாவது உண்டா?

கன்னிங்ஹாமின் மக்னோலியா அப்படி நிற்கிறது என்று நினைக்கிறேன். அதையும் உடலாக, காமமாகப் படிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண்மணி என்ன செய்துகொண்டிருந்தார் பாருங்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். படிப்புச் செலவுக்காகத் தாவரவியல் துறைக்கு ஸ்லைடுகள் செய்துகொடுத்தவர். 1915இல் ஒரு பையன், 1917இல் இரட்டைப் பையன்கள். கலிஃபோர்னியாவுக்கு இடம் மாறிய பிறகு, குழந்தைகளை விட்டு வெளியே போக முடியாத அந்த வருடங்களில், வீட்டுத் தோட்டத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் எடுக்க ஆரம்பித்தார். மேதைமை என்று பெரிதாகப் பேசுவதற்கு முன்னால் அந்த வீட்டின் பகல் பொழுதுகளை ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாம். மூன்று பிள்ளைகள், ஒரு தோட்டம், இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரம்.

படத்தில் பூ சட்டம் முழுக்க நிரம்பியிருக்கிறது. இலை இல்லை, கிளை இல்லை. இதழ்கள் விலகி நிற்க, நடுவில் அந்தக் கூம்பு. அதன் அடிப்பகுதியில் மகரந்தத் தாள்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மேலே சூலகத்தின் முனைகள் சுருண்டு வளைந்திருக்கின்றன. எது ஆண் உறுப்பு, எது பெண் உறுப்பு என்று இந்தப் படத்தை வைத்தே பாடம் நடத்தலாம். இங்கேதான் தாவரவியல் ஸ்லைடு செய்த கை தெரியுது. அத்தனை துல்லியமாக இருப்பதால் அது தூணாகவோ தோளாகவோ மாற மறுக்கிறது. வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை! வெளி இதழின் விளிம்பில் கிட்டத்தட்ட காகிதத்தின் வெறுமை, உள்மடிப்பில் மெல்லிய சாம்பல், கூம்பின் அடியில் மட்டும் நிஜமான இருட்டு. நிறத்தை எடுத்த பிறகு மிஞ்சுவது என்ன என்ற என் கேள்விக்கு இந்தச் சாம்பல் படிகள்தான் முதல் பதில். வெளிச்சம் ஒரு இதழுக்குள் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை நிறம் இருந்திருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன்.

இரண்டாவது பதில் மொடோட்டியுடையது. இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் தையல் வேலை பார்த்து, சினிமாவில் நடித்து, 1923இல் எட்வர்ட் வெஸ்டனோடு மெக்சிகோ போனவர். மறுவருடம் எடுத்த ரோஜாக்களில் நான்கு பூக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சட்டத்தை அடைத்திருக்கின்றன. தையல்காரி என்று தெரிந்ததும் அந்த இதழ்களைத் துணி மடிப்பு என்று எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. பாருங்க, பழக்கம் விடுவதில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் துணி கலைந்துவிடுகிறது. இவை புதுசாகப் பூத்தவை அல்ல. முழுக்க விரிந்து, பிடி தளர்ந்து, விளிம்பில் சோர ஆரம்பித்தவை. கடைக்காரர் மாலை வேளையில் பாதி விலைக்குத் தரும் பூக்கள். கலரில் எடுத்திருந்தால் முதலில் பழுப்பைத்தான் பார்த்து, வாடிய பூ என்று தாண்டியிருப்போம். கறுப்பு வெள்ளையில் பழுப்பும் நிழலும் ஒரே சாம்பலில் வருவதால், எங்கே மடிப்பு முடிகிறது, எங்கே வாடல் தொடங்குகிறது என்று தேடவேண்டியிருக்கிறது. தேடுகிற அந்த நேரத்தில் பூவுக்கு வயது கிடைத்துவிடுகிறது.

பின்னாளில் மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, 1930இல் நாடு கடத்தப்பட்டவரின் இந்தப் படம் 1991 ஏலத்தில் 1,65,000 டாலருக்குப் போனது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மேப்பிள்தார்ப்பிடம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. குறை என்று ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது, அதுதான் சிக்கல். ஒவ்வொரு லில்லியும் சரியான வெளிச்சத்தில், சரியான கோணத்தில், வாடவே வாடாது என்பது போல நிற்கிறது. 1989இல் எய்ட்ஸில் இறந்தவர் கடைசி வருடங்களிலும் இப்படி எடுத்தார் என்பதை அறிந்தால் மனம் கனக்கிறது. அந்தக் கனம் அவர் வாழ்க்கையிலிருந்து வருகிறது. படத்துக்குள் அதைத் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு நந்தியாவட்டையை ஜன்னலோரத் தம்ளரில் வைத்து எடுத்துப் பார்த்தேன். நெருங்க நெருங்க ஃபோகஸில் நிற்கிற ஆழம் குறைகிறது. ஒரு இதழ் தெளிந்தால் அடுத்தது புகை. ஃபேன் காற்றுக்கே பூ ஆடுகிறது. கன்னிங்ஹாமும் நண்பர்களும் 1932இல் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்று பெயர் வைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. லென்ஸின் துளையை அத்தனை சிறிதாக்கினால்தான் முன்னும் பின்னும் தெளிவாகும். அதற்கு நீண்ட நேரம் ஷட்டர் திறந்திருக்கவேண்டும். அதுவரை பூவும் அசையக் கூடாது, எடுப்பவரும் எங்கேயும் போக முடியாது. நான் ஃபேனை அணைத்துவிட்டு வந்து பார்க்கையில் தம்ளரில் ஒரு பூ கழன்று தண்ணீரில் கிடந்தது. விளிம்பு லேசாகப் பழுத்திருந்தது. அதையும் எடுத்தேன்.