'மீசைய முறுக்கு' நின்று பேசாத பக்கம்

அம்பத்தூர்ப் பொறியியல் மாணவர் ஒருவர், "ஹிப்ஹாப் பாட்டு எழுதிப் பிழைக்க முடியுமா, ஃபாதர்?" என்று நம்மிடம் வினவினார். அவர் நம்பிக்கைக்கு வித்திட்டது 2017இல் வெளிவந்த 'மீசைய முறுக்கு' திரைப்படம். ஹிப்ஹாப் ஆதி தம் வாழ்வைத் தழுவி எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்த படம் அது.

இசையை நாடும் மகனுக்கு ஓராண்டு தவணை தரும் தந்தையாக விவேக் நம் உள்ளத்தைத் தொடுகிறார். பிள்ளையின் தாலந்தை மண்ணில் புதைக்க விரும்பாத தந்தை அவர். நம் இல்லங்களுக்கு இப்படம் தரும் நற்கொடை இதுவே.

ஆயினும் கனவிலும் காதலிலும் தோயும் படம், உழைப்பின் கூலியைப் பற்றி நின்று பேசவில்லை. பாடல் வரிக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை உண்டு. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டப்படி, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய ராயல்டி பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறருக்கு விட்டுக்கொடுத்தல் செல்லாது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வலியுறுத்திய நேரிய கூலி, பாடகனுக்கும் உரியதன்றோ?

மாணவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: "பாடுங்கள் தம்பி, ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்."