மூன்று ஆண்டுகளில் 22 ரவுண்டுகள்

2022 ஏப்ரல் 16 அன்று மான்செஸ்டரில் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ் வான் ஹீர்டனைக் கானர் பென் இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்தார். அதோடு 21 சண்டை, 21 வெற்றி, அதில் 14 நாக் அவுட். வயது 25. வெல்டர்வெயிட் பிரிவில் உலகப் பட்டச் சண்டை வெகு தூரத்தில் இல்லை என்று பிரிட்டனில் பேசிக்கொண்டார்கள். 2025 ஏப்ரல் 26 அன்று லண்டன் டோட்டன்ஹாம் மைதானத்தில் கிறிஸ் யூபேங்க் ஜூனியரை எதிர்த்து அவர் மேடை ஏறியபோது வயது 28. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அவர் ஆடியது இரண்டே சண்டைகள். 10 ரவுண்டு ஒன்று, 12 ரவுண்டு ஒன்று. மொத்தம் 22.

ஊக்கமருந்து சோதனையில் மாட்டிய ஒரு தொழில்முறை குத்துச்சண்டை வீரரின் எதிர்காலம் என்னவாகும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பென்னுக்கு இறுதியில் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றே தீர்ப்பு வந்தது. அப்படி விடுவிக்கப்பட்டவருக்கே போன காலம் இவ்வளவு. குத்துச்சண்டையில் 25 முதல் 28 வரையிலான வயது திரும்பக் கிடைக்காத வயது. கண்ணும் கையும் ஒன்றாகப் பேசும் காலம் அது.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். கானரின் தந்தை நைஜல் பென். ஜூனியரின் தந்தை கிறிஸ் யூபேங்க். தந்தையர் இருவரும் 1990இல் பர்மிங்காமிலும் 1993இல் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டிலும் மோதினார்கள். முதலாவதில் யூபேங்க் வென்றார், இரண்டாவது டிராவானது. அந்தப் பகையை மகன்கள் தொடரப்போகிறார்கள் என்பதுதான் 2022 அக்டோபர் 8 சண்டையின் கவர்ச்சி. சண்டைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பென்னின் மாதிரியில் குளோமிஃபீன் இருந்த செய்தியை ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் வெளியிட்டது. மறுநாள் சண்டை கைவிடப்பட்டது. அதற்கு முன் எடுத்த இன்னொரு மாதிரியிலும் அதே மருந்து இருந்த விவரம் பிறகு வந்தது.

குளோமிஃபீன் நம் ஊர் மகப்பேறு மருத்துவமனைகளுக்குப் பழக்கமான மாத்திரைதான். கருமுட்டை வளர்ச்சிக்காகப் பெண்களுக்குத் தருவார்கள். ஆணின் உடலில் அது மூளையை ஏமாற்றும். ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளை எண்ணிக்கொண்டு, விந்தகத்துக்கு இன்னும் வேலை செய் என்று சமிக்ஞை அனுப்பும். டெஸ்டோஸ்டிரோன் கூடும். அதனால்தான் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை இதைப் போட்டிக் காலம், பயிற்சிக் காலம் என்ற வேறுபாடு இல்லாமல் எப்போதும் தடை செய்திருக்கிறது.

பென்னின் மாதிரியைச் சோதித்தது அந்த உலக முகமை இல்லை. 2011இல் மார்கரெட் குட்மன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் தொடங்கிய தன்னார்வ ஊக்கமருந்து எதிர்ப்புச் சங்கம். (இரண்டின் சுருக்கப் பெயரையும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் முழுப் பெயரையே எழுதுகிறேன்.) இந்தச் சங்கம் சோதிக்கும், முடிவைச் சொல்லும். தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. தண்டிப்பது உரிமம் தரும் அமைப்பின் வேலை. அந்த அமைப்பு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இந்த இடைவெளியில்தான் பென்னின் இரண்டு ஆண்டுகள் விழுந்தன. பிரிட்டிஷ் உரிமத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2023 பிப்ரவரியில் உலக குத்துச்சண்டை கவுன்சில், அளவுக்கு அதிகமாக முட்டை சாப்பிட்டது நியாயமான விளக்கமாக இருக்கலாம் என்று சொல்லி அவரைத் தரவரிசையில் மீண்டும் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், முட்டையைக் காரணமாகத் தான் சொல்லவே இல்லை என்று பென்னே அறிக்கை விட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டனின் ஊக்கமருந்து தடுப்பு முகமை அவரைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. ஜூலையில் அந்நாட்டின் தேசிய ஊக்கமருந்து எதிர்ப்புத் தீர்ப்பாயம் அதை நீக்கியது. மேல்முறையீடு போனது. 2024 மே மாதம் இடைநீக்கம் திரும்ப வந்தது. 2024 நவம்பரில், விதிமீறல் நிரூபிக்கப்பட்டதாகத் தங்களுக்குப் போதிய திருப்தி இல்லை என்று தீர்ப்பாயம் முடித்தது. செய்தி வெடித்த நாளிலிருந்து 25 மாதங்கள்.

அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஒருவரின் பிழைப்பைப் பறிக்க வேண்டுமானால் நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டுபவருக்குத்தான். ஆனால் 25 மாதம் என்பது யாருக்கும் நியாயமில்லை. நிரபராதி என்றால் அவருக்கு அது கொடுமை. தவறு நடந்திருந்தால் எதிரில் நிற்க வேண்டியவர்களுக்கு அது கொடுமை. தாமதத்தால் தெளிவாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. மருந்து அந்த உடலுக்குள் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை ரசிகனிடம் பதில் இல்லை.

இனி களத்துக்கு வருவோம். 2023 செப்டம்பரில் ஆர்லாண்டோவில் ரோடால்ஃபோ ஒரோஸ்கோ, 2024 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் பீட்டர் டாப்சன். பிரிட்டனில் ஆட முடியாத காலத்தில் அமெரிக்க உரிமத்தில் ஆடியவை. இரண்டிலும் பென் வென்றார், இரண்டும் புள்ளிக் கணக்கில். சோதனைக்கு முந்தைய கடைசி நான்கு சண்டைகளில் மூன்று நாக் அவுட். முன்னாள் உலகச் சாம்பியன் கிறிஸ் அல்ஜியேரியை நான்காவது ரவுண்டில் மயங்கி விழ வைத்தவர், முன்பின் அதிகம் அறியப்படாத இருவரை 22 ரவுண்டு அடித்தும் வீழ்த்தவில்லை.

மருந்து போனது, பலமும் போனது என்று சிலர் அப்போதே எழுதினார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். 17 மாதம் மேடை ஏறாதவரின் குத்து அரை நொடி தாமதமாகத்தான் போகும். அரை நொடி என்பது எதிராளி தலையை நகர்த்தப் போதுமான நேரம். பென்னின் நாக் அவுட்டுகள் வெறும் தோள்பலத்தால் வந்தவையும் இல்லை. எதிராளி இடது கையை நீட்டும் அந்தக் கணத்தில் இடைவெளிக்குள் புகுந்து விடும் வலது, அதைத் தொடரும் இடது ஹூக் என்று எல்லாமே நேரம் பார்த்து அடித்தவை. அந்த நேரக்கணிப்பு ஜிம்மில் பைகளைக் குத்தி வருவதில்லை. விளக்கு வெளிச்சத்தில், உண்மையிலேயே அடிக்க வருகிறவரின் முன்னால்தான் வரும். டாப்சனுக்குப் பிறகு மறுபடியும் 14 மாதம் சும்மா இருந்தார். அதை முடித்துக்கொண்டு 147 பவுண்டு வெல்டர்வெயிட் உடலோடு, யூபேங்குக்காக 160 பவுண்டு பிரிவுக்கு ஏறினார்.

டோட்டன்ஹாம் முதல் சண்டையில் இந்த நேரக்கணிப்பு இழப்பு வெளிச்சமாகத் தெரிந்தது. பென் ஒவ்வொரு குத்தையும் கடைசிக் குத்துபோல விட்டார். தவறியவை அதிகம். கடைசி ரவுண்டுகளில் யூபேங்கின் கை ஓங்கியது. மூன்று நடுவர்களும் 116-112 என்று யூபேங்குக்கே கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அதே மைதானத்தில் வந்தவர் வேறு பென். பொறுமையாக நின்றார், இடது ஜாப் முதலில் போனது, வலது பின்னால் வந்தது. கடைசி ரவுண்டில் யூபேங்கை இரண்டு முறை தரையில் விழ வைத்தார். 119-107, 118-108, 116-110. ஏழு மாதத்துக்குள் இரண்டு பெரிய சண்டைகள் கிடைத்ததுமே நேரக்கணிப்பு திரும்பிவிட்டது. எடை குறைப்பில் வாடிய யூபேங்க் அன்று பாதி ஆள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, பென் எப்படித் திரும்பி வந்தார்? திறமை ஒரு பங்கு. அவர் பெயருக்கு ஒரு கால்பந்து மைதானமே நிறையும் என்பது பெரிய பங்கு. சோதனையில் மாட்டிய வீரரின் எதிர்காலத்தை ஆய்வகத்தைவிட டிக்கெட் கவுன்ட்டர்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மெக்சிகோவின் கனேலோ அல்வாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் எடுத்த அவருடைய மாதிரியில் கிளென்பியூட்டரால் என்ற தடை மருந்து இருந்தது தெரிந்தது. மெக்சிகோ மாட்டிறைச்சியில் வந்தது என்றார். நெவாடா ஆணையம் ஆறு மாதம் தடை விதித்தது, அதையும் பிப்ரவரியிலிருந்தே கணக்கிட்டது. செப்டம்பரில் கோலோவ்கினை வென்றார். அக்டோபரில் 11 சண்டைகளுக்கு 36.5 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் அவர் கையில்.

ஜாரெல் மில்லர் கதை வேறு. 2019இல் நியூயார்க்கில் ஆண்டனி ஜோஷுவாவோடு உலகப் பட்டச் சண்டைக்கு இருந்தவர். ஒன்றல்ல, மூன்று தடை மருந்துகள் சிக்கின. அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்த ஆண்டி ரூயிஸ், ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் நிறுத்திச் சாம்பியன் ஆனார். 2020இல் மில்லர் மறுபடியும் மாட்டினார், இரண்டு ஆண்டு தடை. திரும்பி வந்தபின் டேனியல் டூபுவாவிடம் பத்தாவது ரவுண்டில் தோற்றார். 2024இல் அதே ரூயிஸுடன் டிரா. பட்டச் சண்டை வாய்ப்பு அவருக்கு மீண்டும் வரவே இல்லை. முதல் சோதனையை மன்னிக்கும் சந்தை, இரண்டாவதை அவ்வளவு எளிதில் மன்னிப்பதில்லை.

இவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். சிறிய மண்டபங்களில், தன் டிக்கெட்டைத் தானே சொந்தக்காரர்களிடம் விற்றுச் சண்டை போடும் வீரன் ஒருவன் மாட்டினால் என்ன ஆகும்? வழக்கறிஞரும் ஆய்வக நிபுணரும் அமர்த்த அவனால் முடியாது. இரண்டு ஆண்டு தடை என்றால் அவன் வேறு வேலைக்குப் போய்விடுவான், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். மறுபக்கம், கடுமையான சோதனைக்குப் பணம் செலவாகும் என்பதால் அது பெரும்பாலும் பெரிய சண்டைகளுக்கும் தரவரிசையில் உள்ளவர்களுக்கும்தான் நடக்கிறது. அந்தச் சிறு மண்டபத்தில் எதிரில் நிற்பவன் சுத்தமானவனா என்று பார்க்க ஆளே இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

ஏனென்றால் இது ஓட்டப்பந்தயம் இல்லை. ஓட்டத்தில் மருந்து எடுத்தவன் அடுத்தவனின் பதக்கத்தைத் திருடுகிறான். இங்கே அடுத்தவனின் தலையில் அடிக்கிறான். 2024 ஏப்ரல் 20 அன்று புரூக்ளினில் ரயன் கார்சியா, டெவின் ஹேனியை மூன்று முறை விழ வைத்தார். கார்சியா எடை வரம்பைவிட 3.2 பவுண்டு அதிகம் இருந்தார். பிறகு மாதிரியில் ஆஸ்டரின் என்ற தசை வளர்ப்பு மருந்து இருந்தது தெரிந்தது. சத்துப்பொருளில் கலந்து வந்தது என்றது அவர் தரப்பு. நியூயார்க் ஆணையத்துடன் சமரசம் ஏற்பட்டது. ஓராண்டு தடை, 10,000 டாலர் அபராதம், சுமார் 11 லட்சம் டாலர் ஊதியம் இழப்பு, வெற்றி ரத்து. தடை முடிந்த 12ஆவது நாளில் டைம்ஸ் சதுக்கத்தில் கார்சியா மேடை ஏறினார், ரோலி ரோமெரோவிடம் தோற்றார். ஹேனியின் ஏட்டில் தோல்வி இல்லை. ஆனால் அந்த மூன்று முறையும் கீழே விழுந்த உடல் அவருடையது. அதே சதுக்கத்தில் அதே இரவில் ஹோசே ராமிரெஸை எதிர்த்து ஆடிய ஹேனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குத்தை விடுவதற்கே கை தயங்கியது.

யூபேங்க், பென் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991 செப்டம்பர் 21 அன்று யூபேங்க் சீனியரோடு மோதிய மைக்கேல் வாட்சன், 12ஆவது ரவுண்டோடு நினைவிழந்தார். 40 நாள் கோமா, மூளையில் ஆறு அறுவை சிகிச்சைகள். 1995இல் நைஜல் பென்னோடு மோதிய அமெரிக்கர் ஜெரால்டு மெக்லெலன் பார்வையையும் இழந்து, மூளைச் சேதத்தோடு வாழ்கிறார். இரண்டு சண்டைகளிலும் மருந்துப் பேச்சே கிடையாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதே ஒரு இரவு இதைச் செய்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். வாட்சன் விழுந்த இடம் ஒயிட் ஹார்ட் லேன். அந்தப் பழைய மைதானத்தை இடித்துவிட்டு அதே மனையில் கட்டியதுதான் இன்றைய டோட்டன்ஹாம் மைதானம். மகன்கள் இரண்டு முறையும் மோதியது அங்கேதான்.

பென்னுக்கு இனி 147 பவுண்டுதான் சரியான இடம். யூபேங்க் கதை முடிந்தது. அந்த எடையில் அவருடைய வலது கைக்கு மரியாதை கூடும், நாக் அவுட்டுகளும் திரும்பும் என்று எதிர்பார்க்கிறேன். 2025 நவம்பரில் ரியாத்தில் பிரையன் நார்மனை வென்று அந்தப் பிரிவின் ஒரு பட்டத்தை எடுத்தவர் டெவின் ஹேனி. பென்னும் ஹேனியும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் வந்தால், சோதனை எந்தத் தேதியில் தொடங்கும் என்றுதான் ஹேனி தரப்பு முதலில் கேட்கும் என்பது என் கணிப்பு. அன்று பென் மறுபேச்சில்லாமல் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.