பேசும் குரலும் எழுதும் கையும்: அமெரிக்கத் தென்பகுதிக் கன்ட்ரி இசைத் தன்வரலாறுகளும் தமிழாக்கச் சிக்கல்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிச் சிற்றூர்களில் பிறந்து, கன்ட்ரி இசை எனப்படும் இசைவகையில் புகழ்பெற்ற கலைஞர்களின் தன்வரலாறுகள் 1970களிலிருந்து தொடர்ந்து வெளிவந்துள்ளன. ஜானி கேஷின் 'மேன் இன் பிளாக்' (1975), லொரெட்டா லின் செய்தியாளர் ஜார்ஜ் வெக்சியுடன் சேர்ந்து உருவாக்கிய 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (1976), சார்லி பிரைட் ஜிம் ஹெண்டர்சனுடன் சேர்ந்து எழுதிய 'பிரைட்' (1994) ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இவற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்க வேறு இரு நூல்களும் உள்ளன. ஒன்று, ஜார்ஜியா மாநிலத்துப் பேக்கன் கவுண்டியில் கழிந்த இளமையைப் பற்றி நாவலாசிரியர் ஹாரி குரூஸ் எழுதிய 'எ சைல்ட்ஹுட்' (1978). மற்றொன்று, இவ்விசையின் வரலாற்றாசிரியரான பில் மலோனின் 'டோன்ட் கெட் அபவ் யுவர் ரெய்சின்' (2002).

இந்நூல்கள் பெரும்பாலும் வறுமையிலிருந்து வளமைக்கு உயர்ந்தோரின் கதைகளாகவே படிக்கப்படுகின்றன. அவ்வாறு படிப்பது தவறன்று, ஆனால் போதுமானதன்று. இவை ஒரு பேச்சுமொழியின் வரலாறும் ஆகும். எந்த உச்சரிப்பும் இலக்கணமும் கல்லாமையின் அடையாளமாக எள்ளப்பட்டனவோ, அவையே இசைத்தட்டில் விலைபெற்றன. அக்குரலைப் பின்னர் ஒருவர் நூலாக எழுதும்போது மீண்டும் அது எள்ளலுக்கு உள்ளாகுமா, மதிப்புப் பெறுமா என்னும் வினா ஒவ்வொரு பக்கத்திலும் எழுகிறது. தமிழில் பெயர்க்க முற்படுவோரும் இவ்வினாவிலிருந்து தப்ப இயலாது.

1. இசையின் பெயர்

முதற்சிக்கல் இசையின் பெயரிலேயே தொடங்குகிறது. 'கன்ட்ரி மியூசிக்' என்பதை 'நாட்டுப்புற இசை' எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் அது வரலாற்றோடு பொருந்தாது. 1925இல் இசைத்தட்டு நிறுவன அலுவலர் ரால்ஃப் பியர், ஆல் ஹாப்கின்சின் குழுவைப் பதிவுசெய்தபோது, அக்குழு 'ஹில் பில்லீஸ்' எனப் பெயர் பெற்றது. மலைவாழ் ஏழை வெள்ளையரை இகழும் அச்சொல்லே பின்னர் இவ்விசைக்கும் வணிகப் பெயராயிற்று. 1940களில் 'பில்போர்டு' இதழ் தன் விற்பனைப் பட்டியலில் 'ஃபோக்' என்னும் தலைப்பைக் கையாண்டது. 1949இல் அதை விடுத்து 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என மாற்றியது. ஆகவே 'நாட்டுப்புற இசை' என மொழிபெயர்ப்பவர், அத்தொழில் கைவிட்ட ஒரு பெயரையே மீண்டும் சூட்டுகிறார். மேலும், நாட்டுப்புறவியலில் அத்தொடர் வாய்மொழி மரபையும் ஆசிரியர் பெயர் அறியப்படாத பாடல்களையும் நினைவூட்டும். கன்ட்ரி இசையோ வானொலி, இசைத்தட்டு, விளம்பரதாரர் ஆகியவற்றோடு பிறந்தது. நாஷ்வில் நகரின் வானொலி நிலையம் 1925இல் தொடங்கிய வாராந்திர நிகழ்ச்சியே பின்னர் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' எனப் பெயர்பெற்றது. எனவே 'கன்ட்ரி இசை' என ஒலிபெயர்த்துக் கொள்வதே பொருத்தமானது.

வானொலி இந்நூல்களில் வெறும் பின்னணிப் பொருளன்று. மிசிசிப்பி மாநிலத்து ஸ்லெட்ஜ் என்னும் ஊரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த சார்லி பிரைட், தந்தையின் ஃபில்கோ வானொலிப் பெட்டியில் அந்நிகழ்ச்சியைக் கேட்டே இப்பாடல்முறையைக் கற்றார். வானொலியில் குரலுக்கு நிறமில்லை. அதனாலேயே, 1966இல் அவருடைய தொடக்க இசைத்தட்டுகள் வழக்கமான நிழற்படம் இன்றி வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. குரலை மட்டும் கேட்டவர் ஒருவரையும், உருவத்தைக் கண்டவர் வேறொருவரையும் அறிந்தனர். மொழிபெயர்ப்பாளர் அவருக்கு அமைக்கும் தமிழ் இந்த முரணைக் கெடுத்துவிடலாகாது.

2. எழுத்துக்கூட்டலும் எள்ளலும்

லொரெட்டா லின் 1932இல் கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார். அவர் பிறந்த இடம் வரைபடத்தில் 'புட்சர் ஹாலோ'. ஊரார் வாயில் 'புட்சர் ஹாலர்'. நூலும் ஊரார் வழக்கையே பின்பற்றுகிறது. இங்கு எழுத்துக்கூட்டல் மாற்றம் உண்மையான ஒலிப்பைப் பதிவுசெய்கிறது. ஆனால் ஆங்கில எழுத்துலகில் வேறொரு பழக்கமும் உண்டு. 'சொல்கிறான்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைப் பேராசிரியரும் 'செஸ்' என்றே ஒலிப்பார், உழவரும் அவ்வாறே ஒலிப்பார். ஆயினும் உழவர் பேசும்போது மட்டும் அதன் எழுத்துகளை மாற்றி எழுதுவர். ஒலிப்பில் வேறுபாடின்றிக் கண்ணுக்கு மட்டும் வேறுபடும் இவ்வெழுத்துமுறையைக் 'கண்வழிக் கிளைமொழி' எனலாம். இக்கருத்துக்குரிய ஆங்கிலக் கலைச்சொல்லை ஜார்ஜ் ஃபிலிப் கிராப் 1925இல் வழங்கினார். இத்தகைய எழுத்துமுறைகள் பேசுவோரின் மதிப்பைப் படிப்போரிடத்துக் குறைக்கின்றன என 1985இல் டென்னிஸ் பிரெஸ்டன் எடுத்துக்காட்டினார்.

தமிழாக்கத்திற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. கண்வழிக் கிளைமொழியை அறவே விட்டுவிடலாம், அதனால் இழப்பில்லை. உண்மை ஒலிப்பைக் காட்டுவனவற்றுக்கு மட்டுமே ஈடு தேட வேண்டும்.

இவ்விடத்தில் தமிழின் இரட்டை வழக்கு ஓர் அரிய வாய்ப்பை நல்குகிறது. ஆங்கிலத்தில் எழுத்துமொழியிலிருந்து விலகிய வடிவத்தைக் கண்டதும் படிப்பவர் பேசுபவரின் வகுப்பை மதிப்பிடத் தொடங்குவர். தமிழிலோ கற்றவரும் கல்லாதவரும் வீட்டில் 'வந்தாங்க', 'போயிட்டாங்க' என்றே பேசுவர். பேச்சுவடிவம் என்பதாலேயே அது இழிவழக்கு ஆவதில்லை. ஆகவே, இகழ்ச்சிக் குறிப்பின்றி ஒருவரைப் பேசவைக்கும் வசதி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு மிகுதி.

இவ்வசதியைக் கெடுக்கும் இரு வழிகளும் உண்டு. முழுவதையும் எழுத்துத் தமிழில் தருவது ஒன்று. அங்குப் பேசுபவர் மறைந்து, அவரைப் பற்றிய அறிக்கையே எஞ்சும். கரிசல் வழக்கையோ கொங்கு வழக்கையோ தேர்ந்து அதில் லின்னைப் பேசவைப்பது மற்றொன்று. தமிழ் வட்டார வழக்குகள் இடத்தை மட்டுமின்றிப் பலவிடங்களில் சாதியையும் சுட்டுவன. கென்டக்கி மலைப்பெண் கோவில்பட்டிப் பக்கத்துக் குறிப்பிட்ட ஒரு தெருவைச் சேர்ந்தவராகிவிடுவார். கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' (1976) முதலிய நூல்களில் கதைகூறலையே பேச்சின் ஓட்டத்தில் அமைத்த முறை மொழிபெயர்ப்பாளர்க்கு வழிகாட்டும். அவர் சொற்களைக் கடன் வாங்காமல் அவ்வோட்டத்தை மட்டும் கற்பதே தக்கது.

3. இலக்கணக் கூறுகள்

தென்பகுதி ஆங்கிலத்தின் தனிக்கூறுகள் பிழைகள் அல்ல, ஒழுங்குடைய விதிகள் என்பதை அமெரிக்க மொழியியலார் நிறுவியுள்ளனர். அவற்றுட் பல தமிழில் இயல்பாகவே அமைந்திருப்பது நோக்கத்தக்கது. 'டன்' என்னும் சொல் வினைக்கு முன்வந்து செயல் முற்றிலும் முடிந்ததை உணர்த்தும். தமிழில் 'விடு' என்னும் துணைவினை அப்பணியைச் செய்கிறது. 'தின்னுட்டான்' என்றால் போதும். 'மைட் குட்' என இரு துணைவினைகள் அடுத்து வருவது உறுதி கூறாத் தயக்கத்தைக் காட்டும்; 'முடிஞ்சாலும் முடியும்', 'வந்தாலும் வருவேன்' என்னும் அடுக்குகள் அதற்கு நேர். 'லைக்டு டு' என்பது நேரவிருந்து நேராமற்போனதைக் குறிக்கும். 'விழப் பார்த்தேன்' என்பது அதன் தமிழ். 'யால்' என்னும் முன்னிலைப் பன்மையை 'நீங்கள்' எனப் பெயர்த்தால் மரியாதை ஒருமையோடு மயங்கும். 'நீங்கள்லாம்' எனில் மயக்கம் நீங்கும்.

இவ்வாறு பெயர்க்கும்போது ஓர் இழப்பு நேர்வதையும் மறுத்தற்கில்லை. ஆங்கிலத்தில் இகழப்படும் வடிவம் தமிழில் இகழப்படாத வடிவமாகிறது. மொழியால் உண்டான புண் மறைகிறது. அதைச் சொல்வடிவில் மீட்க முயல்வதைவிட, பிறர் அப்பேச்சைக் கேட்டு நகைக்கும் நிகழ்ச்சிகளைச் சுருக்காமலும் மழுப்பாமலும் பெயர்ப்பதே உரிய பரிகாரமாகும்.

4. உறவுச்சொல்லும் மரியாதையும்

லின் தம் பெற்றோரை 'டாடி', 'மம்மி' என்றே குறிப்பிடுகிறார். தென்பகுதியில் முதியவரும் இறந்த தந்தையை 'டாடி' என்பர். அது எளிய குடும்பங்களின் சொல். அதை அப்படியே தமிழில் வைத்தால் ஆங்கிலவழிப் பள்ளிக் குழந்தையின் குரல் கேட்கும். சுரங்கத் தொழிலாளி நகர்ப்புற அலுவலராகிவிடுவார். ஒலி ஒன்றாயினும் வகுப்பு தலைகீழாக மாறும் இவ்விடத்தில் 'அப்பா', 'அம்மா' என்னும் பொதுச்சொற்களே பிழையற்றவை.

படர்க்கைப் பெயர் இன்னும் கடினமானது. லின் தம் கணவரை 'டூ' எனச் செல்லப்பெயரால் அழைக்கிறார். அவரது குடியையும் தாம் அவரோடு இட்ட சண்டைகளையும் மறைக்காமல் கூறுகிறார். அவரே தம்மைப் பாட ஊக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நூல் முழுவதும் 'அவர்' என மரியாதைப் பன்மையில் பெயர்த்தால் அடங்கிய மனைவியொருத்தி தோன்றுவாள். 'அவன்' என்றே பெயர்த்தால் அன்பு குறையும். அமைதியான கூற்றில் 'அவர்', சினந்த இடங்களில் 'அவன்' என மாறிவருவது தமிழ்ப் பேச்சிலும் உள்ளதே. ஆங்கிலம் கட்டாயப்படுத்தாத ஒரு முடிவைத் தமிழ் கட்டாயப்படுத்துகிறது; அதை இடந்தோறும் ஆராய்ந்தே எடுத்தல் வேண்டும்.

பிரைடின் நூலில் இது நிறப்பாகுபாட்டோடு இணைகிறது. அன்றைய மிசிசிப்பியில் வெள்ளையரை மரியாதை அடைமொழியுடன் விளிக்கவேண்டும். வயதுவந்த கறுப்பினத்தவரை வெள்ளையர் முதற்பெயரால் அழைப்பர். 'நீ', 'நீங்க' என்னும் வேறுபாடு இந்நிலையைத் துல்லியமாகக் காட்டவல்லது. ஆனால் 'சாமி', 'எசமான்' போன்ற விளிகளைப் புகுத்தினால் அங்குள்ள கொடுமை இங்குள்ள கொடுமையாகத் திரிந்துவிடும்.

5. நிலமும் உணவும்

'பருத்தி விவசாயியின் பிள்ளை' என ஒரே தொடரால் கூறத்தக்க மூவர் உண்மையில் மூவேறு நிலையினர். பிரைடின் தந்தை விளைச்சலில் பங்குக்கு உழைத்த வாரக் குடியானவர். மலோனின் பெற்றோர் கிழக்கு டெக்சாசில் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்ட குத்தகைக் குடியினர். கேஷின் குடும்பம் 1935இல் ஆர்கன்சா மாநிலத்து டையஸ் என்னுமிடத்தில் கூட்டரசு அமைத்த குடியேற்றத்தில் 20 ஏக்கர் நிலத்தை, பின்னர் விலை செலுத்தும் ஏற்பாட்டில் பெற்றது. வாரம், குத்தகை, அரசுக் குடியேற்றம் எனத் தமிழில் சொற்கள் இருக்க, 'விவசாயி' என்று பொதுமைப்படுத்துவது அவர்கள் வாழ்வின் அடிப்படையையே மறைப்பதாகும்.

உணவுச் சொற்களிலும் விழிப்பு வேண்டும். தென்பகுதிச் சிற்றூரில் 'டின்னர்' நண்பகல் உணவு. இரவில் உண்பது 'சப்பர்'. அறியாதவர் உச்சி வெயிலில் இரவுச் சாப்பாடு பரிமாறிவிடுவார். 'பிஸ்கட்' என்பது அங்குக் காலையில் சூடாகச் சுடும் இனிப்பில்லாத மென்ரொட்டி. 'கார்ன்' மக்காச்சோளம்; வெறும் 'சோளம்' அன்று.

6. இருவர் எழுதிய தன்வரலாறு

குரூஸ் தம் நூலைத் தாமே எழுதினார். அங்குக் கதைகூறல் கற்றறிந்தவரின் நடையிலும், உரையாடல் பேக்கன் கவுண்டி வழக்கிலும் அமைகின்றன. தமிழ்ப் புனைகதைக்கு இது பழகிய முறையாதலால் சிக்கல் குறைவு. லின்னின் நூலில் கதைகூறலே பேச்சு. ஆனால் அதை எழுதிய கை செய்தியாளருடையது. எந்தத் தொடர் அவருடையது, எது வெக்சி கோத்தது என அச்சுநூலை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. இதனால் நூல் பொய்யாகிவிடாது. நம் பாட்டிமார் சொல்லிப் பேரன்மார் எழுதிய வரலாறுகளும் இத்தகையனவே. எனினும், 'அசல் குரல்' என முன்னுரையில் உறுதி கூறுவதை மொழிபெயர்ப்பாளர் தவிர்த்தல் நன்று.

உண்மைத்தன்மை பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. லின் தமக்குப் பதின்மூன்று வயதில் திருமணம் நடந்ததாகக் கூறினார். 1980இல் வெளிவந்த திரைப்படமும் அதனையே பரப்பியது. 1948 ஜனவரியில் நடந்த அத்திருமணத்தின்போது அவருக்கு வயது பதினைந்து என்பதை 2012இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆவணங்கொண்டு வெளிப்படுத்தியது. லின் 2022இல் மறைந்தார். தமிழாக்கம் நூலில் உள்ள வயதைத் திருத்தலாகாது. குறிப்பில் மட்டும் உண்மையைக் கூற வேண்டும். தம்மைப் பற்றி அவர் சொல்லிக்கொண்ட கதையும் அவருடைய உடைமையே.

7. முடிவுரை

மலோனின் நூற்பெயர் இச்சிக்கல்கள் அனைத்தையும் ஒரு தொடரில் அடக்குகிறது. குத்தகைக் குடியில் பிறந்த அவர், தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை விரித்து 'கன்ட்ரி மியூசிக், யூ.எஸ்.ஏ.' என்னும் வரலாற்று நூலாக 1968இல் வெளியிட்டார். அவரது நடை கல்விப்புல நடை. 2002ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலோ, ஈற்றொலி தேய்ந்த 'ரெய்சின்' என்னும் வீட்டுச்சொல் அப்படியே நிற்கிறது. 'வளர்ந்த விதத்திற்கு மேலாக உன்னை எண்ணிக்கொள்ளாதே' என்பது அத்தொடரின் பொருள். 'ஏறிய ஏணியை எட்டி உதைக்காதே' எனத் தமிழில் சொல்லலாமெனத் தோன்றும். அது நன்றி மறத்தலைக் கண்டிப்பது. மலோனின் தொடரோ படித்து உயரும் பிள்ளைக்கு வீட்டார் விடுக்கும் எச்சரிக்கை. அதில் பெருமையும் அச்சமும் கலந்துள்ளன. 'எங்க பிள்ளைன்னு மறந்துடாதே' என்பது அதற்கு நெருங்கி வரும்.

இத்தன்வரலாற்றாசிரியர் ஒவ்வொருவரும் அவ்வெச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவர் போலவே எழுதுகிறார். நூல் எழுதுவதே உயர்தல். உயர்ந்தபின்னும் வீட்டுப்பேச்சில் எழுதுவது திரும்பி வருதல். தமிழாக்கம் அப்பேச்சைத் திருத்திச் செம்மையாக்கினால் அவர் திரும்பும் வழி அடைபடும். வேற்று வட்டார வழக்கைப் பூட்டினால் அவர் வேறொருவர் வீட்டுக்குத் திரும்புவார். பொதுப்பேச்சுத் தமிழின் ஓட்டம், துல்லியமான தொழிற்சொற்கள், இடமறிந்த மரியாதை வழக்கு ஆகிய மூன்றுமே அவரை அவர் வீட்டு வாசலில் சேர்க்கத் தக்கவை எனலாம்.