கோமுகத்துக்குப் போன கண்ணாடித் தகடுகள்

பனியாற்றுப் படத்தை இப்போதெல்லாம் யாரும் தனியாகக் காட்டுவதில்லை. ஜோடியாகத்தான் காட்டுகிறார்கள். இடப்பக்கம் அன்று, வலப்பக்கம் இன்று. அங்கே பனி, இங்கே கல்லும் சேறும். கண் ஒருமுறை போய்வரும், 'அடடா' என்போம், விரல் அடுத்ததுக்குத் தள்ளிவிடும். சாமுவேல் போர்ன் 1866இல் எடுத்த கங்கோத்ரிப் பனியாற்றின் படத்தையும் நான் அப்படித்தான் தள்ளியிருப்பேன். அன்றைக்கு ஜார்ஜ்டவுனில் விடாத மழை. வெளியே போக வழியில்லை. அந்த ஒரே படத்தை அரைமணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் என்ன இருக்கிறது? ஒரு பனிச்சுவர், அடியில் இருண்ட குகைவாய், அதிலிருந்து வெளியேறும் நீர். கோமுகம். ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் மட்டுமே பனியைத் தொட்டுப் பழகிய பினாங்குக்காரனுக்கு முதலில் ஏமாற்றம்தான். பளிச்சென்ற வெள்ளை இல்லை. கல்லும் மண்ணும் அப்பிய பழம்பனி. கொஞ்ச நேரம் போனதும்தான் தண்ணீர் கண்ணில் படுகிறது. அது தண்ணீராக இல்லை, புகையாக இருக்கிறது. அந்தக் காலத்துத் தகட்டுக்குப் பல நொடி ஒளி வேண்டும். அந்த நொடிகளில் பனி அசையாமல் நின்றது, நீர் நிற்கவில்லை. ஆனால் பனியாறும் ஓடிக்கொண்டிருப்பதுதானே! நம் கண்ணுக்கும் தகட்டுக்கும் பிடிபடாத வேகத்தில் அது ஓடுகிறது. ஒரே ஆற்றின் இரண்டு வேகங்கள் ஒரே சட்டத்துக்குள், ஒன்று கல்லைப்போல, ஒன்று புகையைப்போல. இந்தப் படம் எனக்குத் தந்த சந்தோஷம் இவ்வளவுதான். ஆனால் அது லேசில் தீராத சந்தோஷம்.

போர்ன் இதை வேண்டுமென்றே செய்தாரா என்றால், இல்லை. அவருடைய கருவி அவரைக் காக்கவைத்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். எல்லாம் சில நிமிடத்துக்குள். கொலோடியன் நீல ஒளியை அதிகமாகக் குடிக்கும் என்பதால் அந்தக் காலத்து மலைப்படங்களில் வானம் பெரும்பாலும் வெற்றுத்தாள்போல வெளுத்துவிடும். மேகமில்லை, நாடகமில்லை. குறை என்பார்கள். எனக்கென்னவோ அதனால்தான் கண் மேலே ஓடாமல் பனியிலேயே தங்குகிறது என்று படுகிறது.

இதற்கு நேர் எதிரில் 'சேஸிங் ஐஸ்' ஆவணப்படத்தை வைத்துப் பார்க்கலாம். 2012இல் வந்தது. ஜேம்ஸ் பாலோக் 2007இல் தொடங்கிய திட்டத்தில் தானியங்கிக் கேமராக்களைப் பனியாறுகளின் எதிரே நட்டுவைத்து, மாதங்களை நொடிகளாகச் சுருக்கிக் காட்டினார். கிரீன்லாந்தில் இலுலிசாட் பனியாறு 2008 மே மாதத்தில் 75 நிமிடம் உடைந்து சரியும் காட்சி அதில் உண்டு. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அந்தப் படம் தேவை. கோமுகத்தையும் 1935இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஜே. பி. ஆடன் வரைபடமாக்கினார் (கவிஞர் ஆடனின் அண்ணன்தான்). பல பத்தாண்டுகளாக ஆண்டுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் அது பின்வாங்கியிருக்கிறது என்பது அளந்தறிந்த கணக்கு. இதில் மறுக்க ஒன்றுமில்லை. என் குறை வேறு. சுருக்கப்பட்ட படத்தில் பனியாறு நம் வேகத்துக்கு ஓடி வந்துவிடுகிறது. அதன் வேகத்துக்கு நாம் இறங்கிப்போக வேண்டியதில்லை. சாட்சியாகக் கூண்டில் ஏற்றிய ஒருவரிடம் நாம் பேச்சா கொடுக்கிறோம்?

இந்த இடத்தில் என் சந்தோஷத்துக்கே ஒரு முள் தைத்தது. கூடாரம், ரசாயனப் புட்டிகள், பெரிய பெரிய கண்ணாடித் தகடுகள், துரையின் சாப்பாடு எல்லாம் கோமுகம் வரை எப்படிப் போயின? கூலிகளின் முதுகில். நம்ம சொல்தான் அது. போர்ன் தன் இமயப் பயணங்களை லண்டன் புகைப்பட இதழுக்கு விரிவாக எழுதியவர். சுமைக்காரர்கள் ஓடிப்போனதையும், தான் தடியெடுத்து அடித்ததையும் அவரே கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். அதே பயணத்தில் 18,000 அடிக்கு மேலே மனிரங் கணவாயில் எடுத்த படத்தில் அவர்கள் தெரிகிறார்கள், வெண்பனியில் கறுப்புப் புள்ளிகளாக. மலை எவ்வளவு பெரிது என்று காட்டும் அளவுகோலாக அங்கே நிற்கிறார்கள்.

செபராங் பிறையில் ஒரு தோட்டத்துல பால்வாளி சுமந்தவரின் பேரன் நான். எங்கள் கொடிமலையிலும் 1923இல் மலை ரயில் வரும்வரை துரைமார்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் தோளில்தான் மேலேறினார்கள். உச்சியில் குளிரும் மூடுபனியும் நல்ல காட்சியும். அமைதியாக நின்று இயற்கையை ரசிக்கிறோமே, அந்த அமைதிக்குக் கூலி கொடுத்தவர் யார் என்று கேட்காமல் போர்னின் படத்தைப் பார்க்க எனக்கு வரவில்லை. அதற்காகப் படத்தைத் தூக்கியெறியவும் மனமில்லை. அடித்தவர் எடுத்த படம் என்பதும், அது நல்ல படம் என்பதும் இரண்டும் உண்மை.

மலையை நாம் வேறொரு விதமாகவும் பார்த்துப் பழகியிருக்கிறோம். 1997 மே 23 அன்று மு. மகேந்திரனும் ந. மோகன்தாசும் எவரெஸ்ட் ஏறினார்கள், ஏறிய முதல் மலேசியர்கள். இரண்டு தமிழர்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் நினைவில் நிற்பது கொடியும் உச்சியும்தான். அவர்கள் கடந்துபோன கும்பு பனியாறு, விரிசல்மேல் போட்ட ஏணிகள், காலடியில் முனகும் பனி இவையெல்லாம் நம் எழுத்துக்குள் இன்னும் வரவே இல்லை. வெற்றிப் படம், சாட்சிப் படம் இரண்டும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. சும்மா பார்த்த படம்தான் குறைவு.

மழை விட்டது. போர்னின் படத்தை நான் மூடவில்லை. குகைவாய்க்குப் பக்கத்துப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுமையை இறக்கிவைத்துவிட்டு யாராவது அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்று.