கூட்டம் இல்லை, ஆளும் இல்லை

டிசம்பரில் ஐரோப்பா போய்வந்த நண்பர்கள் எழுதுற பயணக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "கூட்டமே இல்லை, ஊரே எங்களுக்குத்தான்." மாக் மண்டின் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பலருக்கு ஆண்டுக் கடைசியில்தான் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும். சீசன் முடிந்த கடற்கரை ஊர்களில் அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆகவே போறாங்க. அதில் தப்பே இல்லை. ஆனா அந்த வாக்கியத்துக்கு இலக்கியத்தில் ஒரு பெரிய முன்னோடி இருக்கு: ஜோசப் பிராட்ஸ்கியின் 'வாட்டர்மார்க்'.

பிராட்ஸ்கி ரஷ்யக் கவிஞர். 1972ல் சோவியத் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு அமெரிக்காவில் ஆசிரியரானார். 1987ல் நோபல் பரிசு பெற்றார். 1972 டிசம்பரில் முதல்முறை வெனிஸ் போனவர், அடுத்த பதினேழு ஆண்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே போனார். காரணம் ரொம்ப சாதாரணம். கல்லூரிக்கு அப்போதுதான் விடுமுறை. கோடையில் மட்டும் தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்பது அவர் கட்சி. இந்தப் பயணங்களைப் பற்றிய சிறு புத்தகம் 1989ல் இத்தாலிய மொழியிலும் 1992ல் ஆங்கிலத்திலும் வந்தது.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துடுவோம். குளிரையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு இப்படி எழுத முடியுமா என்று வியக்க வைக்கிற புத்தகம் இது. தண்ணீரும் காலமும் அவருக்கு ஒன்றுதான். கண்ணை, உடம்பிலிருந்து பிரிந்து தானாக நீந்தும் ஓர் உயிர் மாதிரி நடத்துகிறார். மூடுபனியைப் பற்றி ஒரு பகுதி வரும். சிகரெட் வாங்க வெளியே போனால், நம் உடம்பு பனியைக் குடைந்துபோன பாதை மூடாமல் அப்படியே இருக்கும். திரும்பி அதிலேயே நடந்து வந்துவிடலாம். படித்துவிட்டு நாலு நாள் அந்தப் பனி கூடவே வந்தது.

அதே பகுதியில்தான் எனக்குச் சிக்கலும் ஆரம்பிக்குது. அந்தப் பனியில் படகு ஓடாது, விமானம் இறங்காது. வீட்டிலேயே இருந்து படிக்க நல்ல நாள் என்கிறார் கவிஞர். சரி, அன்றைக்கு வேலைக்குப் போகவேண்டிய ஆள் என்ன செய்தார்? ஃபெரி நின்றால் என்ன ஆகும் என்பது பட்டர்வொர்த்காரனுக்கு நல்லாவே தெரியும். புத்தகத்தில் மனிதர்கள் இல்லாமல் இல்லை. சூசன் சாண்டாக்கோடு போய் எஸ்ரா பவுண்டின் துணைவி ஓல்கா ரட்ஜைப் பார்த்தது அபாரமான பகுதி. பழைய மாளிகைக்காரர்கள் வருகிறார்கள், அறிவுஜீவிகள் வருகிறார்கள். காலையில் எழுந்து அந்த ஊரிலேயே வேலைக்குப் போகிறவர்கள்தான் அபூர்வம்.

தமிழில் நமக்கு இரண்டு சொற்றொடர் இருக்கு. 'கூட்டம் இல்லை' என்றால் வந்தவர்கள் போய்விட்டார்கள். 'ஆள் இல்லை' என்றால் இருந்தவர்கள் போய்விட்டார்கள். வெனிஸின் பழைய நகரத்தில் 1951ல் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். பிராட்ஸ்கி வரத் தொடங்கியபோது 1 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆங்கிலப் பதிப்பு வந்தபோது 80 ஆயிரத்துக்கும் கீழே. 2022ல் 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அவர் ரசித்த அமைதியில் ஒரு பங்கு பருவத்தால் வந்தது. இன்னொரு பங்கு காலியான வீடுகளால் வந்தது. புத்தகம் இரண்டையும் ஒரே அமைதியாகக் கேட்கிறது.

கவிஞரிடம் மக்கள்தொகைக் கணக்கு கேட்கலாமா என்று நீங்க கேட்பீங்க. கேட்கலாம். ஏன்னா வெனிஸைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்களை அவரே கிண்டல் செய்கிறார். அதைவிட வேடிக்கை, இந்தப் புத்தகத்தை எழுதச்சொல்லிக் கேட்டது வெனிஸுக்கு வெள்ளத் தடுப்பு கட்டும் பொறுப்பிலிருந்த நிறுவனக் கூட்டமைப்பு. மூன்று கடல்வாய்களில் 78 மிதவைக் கதவுகள் கொண்ட அந்தத் தடுப்பு 2020 அக்டோபரில்தான் முதல்முறை வெள்ளத்தை நிறுத்தியது. ஒரு பொறியாளனாக எனக்கு அதில் பெருமைதான். ஆனா கடலை உள்ளே வரவிடாமல் தடுக்கக் கதவு செய்யலாம். குடியிருப்பவர் வெளியே போவதைத் தடுக்க எந்தக் கதவும் கிடையாது.

போனவர்களில் பெரும்பாலோர் எங்கே போனார்கள்? பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் உள்ள மெஸ்த்ரேவுக்கு. அதன் அருகில் மார்கேரா, 1917ல் தொடங்கிய தொழிற்பேட்டை. பழைய நகரம் தீவில், தொழிற்சாலையும் தொழிலாளர் வீடும் இக்கரையில். ஜார்ஜ்டவுனுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உட்கார்ந்து படிப்பவனுக்கு இந்த வரைபடம் புதுசில்லை.

ஜார்ஜ்டவுனில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி முதல் இல்லாமல் போனது. அதுவரை குறைந்த வாடகையில் கடைவீடுகளின் மேல்மாடியில் இருந்தவர்களில் பலர், தீவின் உட்பகுதி அடுக்குமாடிகளுக்கும் இக்கரைக்கும் நகர்ந்தார்கள். 2008ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. 2012ல் சுவரோவியங்கள் வந்தன. இன்று ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் படம் எடுக்க வரிசை. அக்டோபர் மழையில், வேலைநாள் மதியத்தில் போனால் அந்தத் தெருவும் அழகாகக் காலியாக இருக்கும். யாராவது வெளியூர்க் கவிஞர் வந்து அந்த மழையையும் ஐந்தடி நடைபாதையையும் பற்றி அற்புதமாக எழுதலாம். எழுதட்டும், நானும் படிப்பேன். ஆனா அங்கே பிறந்து, இப்போ இக்கரையில் இருக்கும் பாட்டிக்கு அந்த அமைதி எப்படிக் கேட்கும்?

நம் மொழியில் வேறொரு மரபும் இருக்கு. ஏ.கே. செட்டியார் 1930களின் இறுதியில் காந்தி பற்றிய படத்துக்காகப் படச்சுருள் தேடி நாடு நாடாக அலைந்தார். அவருக்குச் சீசனும் கிடையாது, சீசன் இல்லாத நேரமும் கிடையாது. வேலை இருந்த ஊருக்குப் போனார். வேலையாகப் போகிறவன் யாரையாவது கேட்டே ஆகணும், காத்திருக்கணும், கெஞ்சணும். அதனால் அவருடைய சின்னச் சின்ன வாக்கியங்களில் மனிதர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிராட்ஸ்கியின் உரைநடை செட்டியாரிடம் கிடையாது. செட்டியாரின் காது பிராட்ஸ்கியிடம் கிடையாது.

'வாட்டர்மார்க்'கைக் கட்டாயம் படிங்க. டிசம்பரில் வெனிஸுக்கும் போங்க. கூட்டம் பிடிக்கும் சில நாட்களில் பகல்நேர விருந்தாளிகளிடம் 2024லிருந்து நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. திரும்பி வந்து எழுதும்போது மட்டும், 'காலியாக இருந்தது' என்று முடிப்பதற்கு முன்னால் மேல்மாடி ஜன்னல்களை நினைத்துப் பாருங்க. எத்தனை கொடியில் துணி காய்ந்தது?