பெயரும் காரணமும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நன்னூலார் வகுத்தார். பள்ளியில் மனப்பாடம் செய்து பின் மறந்துபோன இப்பாகுபாட்டை, அண்மையில் என் மகள் நினைவூட்டினாள். பரணில் கிடந்த என் மாணவப் பருவத்து நிலப்படப் புத்தகத்தைத் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டவள், "அப்பா, உங்கள் படத்தில் இருக்கிற ஜைர் என் படத்தில் இல்லையே, அந்த நாடு எங்கே போயிற்று?" என்றாள். நாடு போகவில்லை, பெயர்தான் போயிற்று. ஏன் போயிற்று என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை. நூலைத் திறனாய்வதுபோல் நாட்டின் பெயரையும் திறனாயலாம் என்பது என் துணிபு.

அயலார் இட்ட பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. அக்காரணம் யாருடையது என்பதே வினா. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் பொன் நாடி வந்த ஐரோப்பிய வணிகர் அதனைத் 'தங்கக் கரை' என்றனர். அப்பெயரில் அம்மக்கள் இல்லை. அவர்கள் மண்ணில் கிடைத்த சரக்கே இருந்தது. தென்பகுதியிலோ சிசில் ரோட்ஸ் என்னும் தனிமனிதரின் பெயரால் ஒரு நாடே 'ரொடீசியா' ஆயிற்று. தம் வீட்டு வாயிலில் பிறர் பெயர் பொறித்த பலகை தொங்குவதை எவர்தாம் பொறுப்பர்? விடுதலை பெற்றோர் பெயரை மாற்ற விழைந்தது இயல்பே.

எனினும், மாற்றிய பெயர்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. 1957 மார்ச் 6இல் தங்கக் கரை 'கானா' ஆயிற்று. பழைய கானாப் பேரரசு விளங்கிய இடமோ இன்றைய மாரித்தானியா, மாலி நாடுகளின் பகுதி. நிலவியல் நோக்கில் இது பொருந்தாப் பெயரே. ஆயினும், ஐரோப்பியர் வருமுன்னரே ஆப்பிரிக்கர்க்கு வரலாறு உண்டு என்று அது உலகுக்கு உரைத்தது. 1980இல் ரொடீசியா தன் மண்ணிலுள்ள பெருங்கல் மாளிகைகளின் பெயரைப் பெற்று 'ஜிம்பாப்வே' ஆயிற்று. அவற்றை ஆப்பிரிக்கர் கட்டியிருக்க இயலாது என்று நெடுங்காலம் வாதாடிய குடியேற்ற ஆட்சியினர்க்கு அப்பெயரே மறுமொழி.

என் மகள் தேடிய ஜைருக்கு வருவோம். 1971இல் மொபுட்டு, அயற்சாயலைக் களைவதாகக் கூறிக் காங்கோவுக்கு அப்பெயரைச் சூட்டினார். அதுவோ, ஆற்றைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் போர்த்துகீசியர் நாவில் சிதைந்த வடிவம்! 1997இல் அவர் ஆட்சி வீழ்ந்தது. உடன் பெயரும் வீழ்ந்தது.

இதற்கு மாறானது 'மேல் வோல்ட்டா'வின் கதை. 1984இல் தாமஸ் சங்காரா அதனைப் 'புர்க்கினா ஃபாசோ' ஆக்கினார். நேர்மையாளர் நாடு என்பது பொருள். முதற்சொல் மோரே மொழியினது. அடுத்தது ஜூலா மொழியினது. குடிமக்களைக் குறிக்கும் 'புர்க்கினாபே' என்னும் சொல்லின் ஈறு ஃபுலா மொழியினது. இவ்வாறு மும்மொழியார் கூடிய பெயர் அது. 1987இல் சங்காரா கொல்லப்பட்டார்; பெயர் நிலைத்தது.

நமக்கு அணித்தேயுள்ள தீவையும் நோக்குவோம். 1972 மே 22இல் சிலோன் 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று. தமிழில் அது முன்னும் இலங்கையே, பின்னும் இலங்கையே. ஆனால், வண்டிகளின் எண்பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறித்தமை 1950களின் பிற்பகுதியிலேயே தமிழரிடையே கிளர்ச்சியை மூட்டியிருந்தது. அச்சொல்லைப் பெயரின் முன்னே நிறுத்திய அதே அரசியலமைப்பு, சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மை தந்தது. அயலார் பலகை இறங்கியது நன்றே. ஏறிய பலகையில் வீட்டார் அனைவரும் தம்மைக் கண்டிலர்.

நான் பணியாற்றும் நடுவண் அரசு அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் பெயர் மாற்றிக்கொள்ள விரும்பினால், உறுதிப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு எனப் பல படிகள் உண்டு. அவரது கையொப்பம் இன்றேல் கோப்பு நகராது. நாட்டின் கோப்பிலும் அக்கையொப்பத்தையே தேடவேண்டும். நம் பெயர்கள் பிறர் நாவில் திரிவதை நாள்தோறும் கேட்டு வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் ஆணையால் வந்த பெயர் அவரோடு போகும். ஒரு சாராரின் பெயர் மறுசாராரை வீட்டுக்குள்ளேயே விருந்தினர் ஆக்கும். அனைவரும் தமது எனக் கொள்ளும் பெயரே உண்மையான காரணப்பெயர்.